உசுப்பும் சொல், எழுப்பும் சொல்

தென்காசி, கடையம், சங்கரன்கோவில் பக்கத்து வீடுகளில் காலை நேரத்தில் அதிகம் புழங்கும் வினைச்சொற்களில் ஒன்று ‘உசுப்பு’. “பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, அவன உசுப்பு” என்பார் தாய். “இப்பத்தான் கண்ணசந்திருக்கா, உசுப்பாத” என்பார் ஆச்சி. தூங்குகிறவரை எழுப்புவது என்பதைத் தவிர வேறு உள்நோக்கம் எதுவும் அந்தச் சொல்லுக்கு அங்கே கிடையாது. அதே சொல் மேடையிலும் திரைப்பட வசனத்திலும் ‘உசுப்பேத்து’ என்று வரும்போது குணம் மாறிவிடுகிறது. சும்மா இருப்பவனைச் சண்டைக்குத் தள்ளிவிட்டு ஒதுங்கி நிற்பவனின் செயல் அது.

தமிழில் உறங்குபவரை எழுப்பும் சொற்கள் பலவும் உணர்ச்சியைக் கிளறும் வேலையையும் சேர்த்தே செய்கின்றன. ஆளை எழுப்பலாம், கேள்வியையும் ஐயத்தையும் எழுப்பலாம். படுத்துக் கிடக்கும் மாட்டைக் கிளப்பலாம். பீதியையும் புரளியையும் கிளப்பலாம். தோளை உலுக்கலாம்; மனத்தையும் உலுக்கலாம். இவற்றுக்குப் பக்கத்திலேயே வேறொரு சொற்குடும்பம் குடியிருக்கிறது: கோபமூட்டு, ஆசையூட்டு, வெறியேற்று, உருவேற்று, சூடேற்று. உணர்ச்சி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இந்த இரண்டு குடும்பங்களும் எதிரெதிரான விடைகளைத் தருகின்றன. அது ஆளுக்குள்ளேயே உறங்கிக்கிடக்கிறது என்கிறது முதலாவது. வெளியிலிருந்து ஒருவர் உள்ளே போடுகிறார் என்கிறது இரண்டாவது. தென்காசி, குற்றால வட்டாரத்தின் பாட்டையும் கூத்தையும் கல்வெட்டையும் எடுத்துப் பார்த்தால், அவை ஏறத்தாழ ஒருமுகமாக முதல் விடையின் பக்கம் நிற்கின்றன.

இலக்கணமும் அதற்குச் சாட்சி சொல்கிறது. எழும்பு–எழுப்பு, கிளம்பு–கிளப்பு, உசும்பு–உசுப்பு என்ற இணைகளை வரிசையாக உச்சரித்தால் ஓர் ஒழுங்கு காதில் விழும். மகரமும் பகரமும் சேர்ந்து ஒலித்த இடத்தில் பகரம் இரட்டித்ததும் தன்வினை பிறவினையாகிவிடுகிறது. தூக்கம் கலைந்து தானே அசைவது உசும்புவது. இன்னொருவர் அசையச் செய்வது உசுப்புவது. அடங்கு–அடக்கு, கலங்கு–கலக்கு, மயங்கு–மயக்கு, திருந்து–திருத்து எல்லாம் இதே அச்சில் வார்த்தவை. ராபர்ட் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இந்த வல்லொலி மாற்றத்தை விரிவாகப் பேசுகிறார். நெல்லைச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த அவர் நாள்தோறும் கேட்டதும் இந்தத் தெற்கத்தித் தமிழைத்தான். கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்குப் போனாலும் காலையில் கேட்கும் சொல் ‘எழும்பு’ என்பதே.

இந்த இணைகளில் பிறவினை தன்வினையைச் சார்ந்தே நிற்கிறது. பாறையை உருட்டலாம், உசுப்ப முடியாது. தானே உசும்பும் ஆற்றல் உள்ள உயிரைத்தான் உசுப்ப முடியும். வேற்றுமை உருபுகளும் இதையே சொல்கின்றன. ‘அவனை எழுப்பினாள்’ என்னும்போது ஆளே செயப்படுபொருள். ‘அவனுக்குக் கோபமூட்டினாள்’ என்னும்போது ஆள் நான்காம் வேற்றுமைக்குத் தள்ளப்பட்டு, கோபம் சோறாகிவிடுகிறது. ஊட்டுகிறவர் ஒருவர், வாங்கி உண்கிறவர் ஒருவர். ‘சண்டை மூட்டு’ என்பது ஒலியால் இதைப் போலத் தோன்றினாலும் பிறப்பால் வேறு. அது ‘மூள்’ என்பதன் பிறவினை. தீ மூண்டது, போர் மூண்டது என்பவற்றின் உறவு.

‘தூண்டு’ என்ற சொல் இரண்டு குடும்பங்களுக்கும் நடுவில் நிற்பது. ஆளையும் தூண்டலாம், ஆசையையும் தூண்டலாம். விளக்குத் திரியை முன்னுக்குத் தள்ளிச் சுடரைப் பெருக்குவது அதன் பழைய வேலைகளுள் ஒன்று. அதற்கான குச்சிக்குத் தூண்டுகோல் என்று பெயர். ‘நுந்து’ என்ற பழஞ்சொல்லுக்கும் அதே பொருள் உண்டு. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தா விளக்கு, நுந்தா விளக்கு, நொந்தா விளக்கு என்று பலவாறாக எழுதப்பட்டிருக்கும் கொடையை, அணையாத விளக்கு என்றும் தூண்ட வேண்டாத விளக்கு என்றும் அறிஞர் விளக்குவர். ஒரு விளக்கு இரவும் பகலும் எரிவதற்கான நெய்க்காக 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன. அவை குறையாமல் காக்கப்பட்டதால் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. தூண்டுகோல் பிடித்தவர் நெருப்பைக் கொண்டு வருவதில்லை. அது திரியில் முன்பே இருக்கிறது. இந்தச் சொல் பின்னாளில் நீதிமன்றத்துக்குப் போனபோது இந்த அடிப்படை மறக்கப்பட்டது.

எழுப்புவதைத் தமிழ் மரபு ஒரு கலையாகவே வகுத்தது. தொல்காப்பியத்தின் பாடாண் திணையில், மன்னன் உறங்கச் செல்வதைப் பாடும் ‘கண்படை நிலை’யும் அவனைத் துயிலெழுப்பும் ‘துயிலெடை நிலை’யும் தனித்துறைகள். மன்னனுக்குச் சூதர் செய்த அந்தப் பணியைப் பக்தி இயக்கம் கோயிலுக்கு எடுத்துச் சென்றது. மாணிக்கவாசகரும் தொண்டரடிப்பொடி ஆழ்வாரும் ஆளுக்குப் பத்துப் பாடல்களில் திருப்பள்ளியெழுச்சி பாடினர். ஆண்டாளின் திருப்பாவையில் ஆறாம் பாடல் முதல் பதினைந்தாம் பாடல் வரை பத்துப் பெண்களை எழுப்பும் வேலைதான் நடக்கிறது. கவனித்துப் படித்தால் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வழி கையாளப்படுவது தெரியும். ஒருத்தியிடம் பறவைகளின் ஒலியைச் சுட்டுகிறார்கள். இன்னொருத்தியின் தாயிடம், உங்கள் மகள் ஊமையா செவிடா என்று கேட்கிறார்கள். வேறொருத்தியைச் சீண்டுகிறார்கள், மற்றொருத்தியைப் புகழ்கிறார்கள். பதினைந்தாவது பாட்டில் உள்ளேயிருந்து பதில் வந்து உரையாடலே நடக்கிறது. எழுப்புகிறவர் எழுப்பப்படுபவரின் குணத்தை அறிந்திருக்க வேண்டும் என்பதே இதில் உள்ள நுட்பம். இதே போல எழுப்பும் பாட்டான மாணிக்கவாசகரின் திருவெம்பாவை கடல் கடந்து சென்றதையும் இங்கே நினைவுகூரலாம். தாய்லாந்து அரசவைப் பிராமணர்களின் மார்கழி–தைச் சடங்குக்குத் ‘திரியம்பாவை’ என்ற பெயர் வழங்குகிறது.

கோயிலில் தெய்வத்தை எழுப்புவது ஒருவகை. தென்மாவட்டங்களின் கொடை விழாவில் தெய்வம் மனிதருக்குள் எழுவது இன்னொரு வகை. தமிழர் உணர்ச்சியை எப்படிப் புரிந்துகொண்டனர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. சுடலைமாடன், இசக்கி, முத்துப்பட்டன் முதலிய தெய்வங்களின் கோயில்களில் குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை என்று விழா நகரும். வில்லுப்பாட்டுக் குழு வீசுகோலால் வில்லின் நாணைத் தட்ட, குடமும் உடுக்கும் ஜாலராவும் கட்டையும் சேர்ந்துகொள்ளும். புலவர் கதையை விரிவாகச் சொல்லிக்கொண்டு போவார். குறித்த கட்டத்தில் பாட்டின் நடை மாறும், தாளம் நெருங்கும். அதற்கு ‘வரத்துப் பாடுதல்’ என்று பெயர். அப்போது கோமரத்தாடியின், அதாவது சாமியாடியின், உடல் அதிரத் தொடங்கும். சாமி வந்துவிட்டது என்பார்கள்.

‘வரத்து’ என்ற சொல் குற்றாலத்துக்காரர்களுக்கு வேறொரு வகையிலும் பழக்கமானது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியே சாரலைக் கொண்டுவரும் ஜூன், ஜூலை மாதங்களில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் ‘நீர்வரத்து’ எப்படி என்பதுதான் அன்றாடச் செய்தி. அருவிக்குத் தண்ணீரை யாரும் கொண்டு வருவதில்லை, அது வருகிறது. சாமிக்கும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். புலவர் சாமியைக் கோமரத்தாடிக்குள் புகுத்துவதில்லை, வரவைப் பாடுகிறார். வழியைத் திறந்துவைப்பதே பாட்டின் வேலை என்று அந்தச் சமூகம் கருதுவதாகக் கொள்ளலாம்.

இந்தக் கலையை ஆய்ந்த அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியான தம் நூலில் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டினார். வில்லுப்பாட்டுக் கதைகளில் தெய்வமாகவே பிறந்தவர்களின் கதைகள் ஒரு வகை. மனிதராகப் பிறந்து, கொலையுண்டோ தம்மை மாய்த்துக்கொண்டோ தெய்வமானவர்களின் கதைகள் இன்னொரு வகை. சாமியாட்டம் உக்கிரமாக நிகழ்வது இரண்டாம் வகைக் கதைகள் பாடப்படும்போதுதான். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளலாம். பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த அக்கதையில், அந்தணனான பட்டன் வாலப்பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கிறான், சாதியை உதறுகிறான், ஆநிரை கவர்ந்தவர்களோடு போரிட்டு மடிகிறான். கேட்பவர்களின் உள்ளத்தில் சாதியின் கொடுமையும் அநியாயச் சாவின் துயரும் முன்பே இருக்கின்றன. சாவின் கட்டம் பாடப்படும்போது அவை அசைகின்றன. உடுக்கின் ஓசை மட்டுமே காரணம் என்றால் எல்லாக் கதைக்கும் ஒரே அளவு ஆட்டம் நிகழ வேண்டும். அப்படி நிகழ்வதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி.

கணியான் கூத்தில் மகுடம் என்ற பறை இதே பணியைச் செய்கிறது. இரண்டு மகுடங்கள், ஒன்று உச்சம், மற்றொன்று மந்தம். தோலைத் தீயில் காய்ச்சி ஒலியைக் கூட்டிக்கொள்வார்கள். அண்ணாவி பாட, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆட, இரண்டு ஓசைகளுக்கும் இடையே சாமியாடி மெல்ல மெல்லத் தன்னிலை இழப்பார். விழா முடிந்ததும் சாமி ‘மலையேறிவிட்டது’ என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை அண்ணாந்து பார்த்தபடி வாழும் ஊர்களில் அந்தத் தொடருக்கு ஒரு தனிப் பொருத்தம் உண்டு.

தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியலும் இதற்கு அயலானதல்ல. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை அவர் எண்ணினார். ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்களாக நந்நான்கைச் சொன்னார். அழுகை பிறப்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கில். அவை ஒருவர் தம் வாழ்வில் முன்பே பட்டவை.

குற்றாலத்துக்கே உரிய இலக்கியம் குற்றாலக் குறவஞ்சி. தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றியது. 1706 முதல் 1732 வரை ஆண்ட மதுரை நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் இதற்காக அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். நாடகத்தின் கதை எளியது. குற்றாலநாதர் பவனி வருகிறார், பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு காதல் கொள்கிறாள், வாடுகிறாள். குறத்தி வருகிறாள்.

குறத்தி வரும் பகுதியே நூலின் உயிர். அவள் வந்ததும் குறி சொல்லிவிடுவதில்லை. தன் மலையின் வளத்தை விரிவாகப் பேசுகிறாள். குரங்கும் தேனும் அருவியும் வானத்துச் சித்தரும் அந்தப் பேச்சில் வருகிறார்கள். தரையை மெழுகச் சொல்கிறாள், கோலமிடச் சொல்கிறாள், பிள்ளையாரை வைக்கச் சொல்கிறாள், தெய்வங்களை அழைக்கிறாள். பிறகு கையைப் பார்க்கிறாள். வசந்தவல்லிக்குள் இருக்கும் காதலை அவள் உண்டாக்கவில்லை. சொல்லக் கூசிப் புதைத்து வைத்திருந்ததை நாவின் நுனிக்குக் கொண்டுவருகிறாள். தலைவி முதலில் சினந்துகொள்கிறாள், மறுக்கிறாள்; அந்தச் சினமே அவளைக் காட்டிக்கொடுக்கிறது. இன்று மனநல ஆலோசகர்கள் பல அமர்வுகளில் செய்யும் வேலையைக் கவிராயரின் குறத்தி ஒரு காட்சியில் செய்துவிடுகிறாள்.

அந்தக் குற்றாலத்தில் தம் இறுதிக் காலத்தைக் கழித்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954), கவிதையை எழுப்பிக் காட்டுவதையே தம் வாழ்க்கைப் பணியாக்கிக்கொண்டவர். நெல்லையில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் கூடியவர்களும், பிறகு குற்றாலத்துக்கு அவரைத் தேடி வந்த ராஜாஜியும் கல்கியும் அனுபவித்தது அவருடைய வாசிப்பைத்தான். பாட்டைக் கண்ணால் படித்தால் போதாது, வாயால் சொல்ல வேண்டும். ஒரு சொல்லில் நின்று, திரும்பச் சொல்லி, பாவம் வெளிப்படும்படி சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. கம்பனின் பாடல்களில் பலவற்றை இடைச்செருகல் என்று அவர் தள்ளியது ஏற்கத்தக்கதல்ல. ஆனால் அச்சில் உறங்கும் பாட்டைக் குரலால் எழுப்ப முடியும் என்று அவர் நிறுவிக் காட்டியது தமிழுக்கு வாய்த்த நற்பேறு. சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தும் அப்படித்தான். காவடியைத் தோளில் ஏற்றிக் கால் தாளம் போட்டால்தான் அந்தச் சிந்தின் நடை முழுமையாகப் பிடிபடும்.

இனி, தூண்டுதல் என்ற சொல் நீதிமன்றம் சென்ற கதை. ஆங்கில அரசு 1870-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 124ஏ பிரிவைச் சேர்த்தது. அரசின்மீது வெறுப்பையோ பகைமையையோ தூண்டுவது அதன்படி குற்றமாயிற்று. 1908 மார்ச் 12-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் காவல் நிலையமும் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். ஒன்று அவருடைய பேச்சுக்கு, மற்றொன்று சிவாவுக்கு உடந்தையாய் இருந்ததற்கு. பேச்சாளர் வெறுப்பை ஊட்டினார், மக்கள் உண்டார்கள் என்பதே அரசின் வாதத்தின் சாரம். ஆனால் ஊர் எழுந்த அந்த மார்ச் 13 அன்று பேச்சாளர்கள் இருவரும் சிறையில் இருந்தார்கள். மக்களின் கோபத்துக்கு மக்களே உரியவர்கள் என்பதை அந்தச் சட்டத்தால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

பாரதியார் அதே ஆண்டு புதுச்சேரிக்குப் போனார். பாரத மாதாவுக்கு அவர் பாடிய திருப்பள்ளியெழுச்சி ஐந்து பாடல்கள் கொண்டது. பழைய வடிவத்தை அவர் அப்படியே எடுத்துக்கொண்டு ஒரே ஒரு திருப்பம் செய்தார். பிள்ளையைத் தாய் எழுப்புவதே உலக வழக்கம். இங்கே பிள்ளைகள் தாயை எழுப்புகிறார்கள், அவளோ எழாமல் கிடக்கிறாள். வெளியிலிருந்து எதையும் புகட்டாமல், அவளுக்குரியதையே அவளுக்கு நினைவூட்டும் பாட்டு அது. 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழைந்தபோது பாரதி கைதானார். கடலூர்ச் சிறையிலிருந்து டிசம்பரில் வெளிவந்து, மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்துக்குப் போனார். தென்காசிக்கு அருகிலுள்ள அந்தச் சிற்றூரில் ஏறக்குறைய இரண்டாண்டுகள் வாழ்ந்தார். அரசியலிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவருக்கு விதிக்கப்பட்டிருந்தது. துயிலெழுப்பும் பாட்டை இயற்றியவரை அரசு எவ்வளவு அஞ்சியது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

எல்லாத் தூண்டுதலையும் இப்படி நியாயப்படுத்திவிட முடியாது. 1990-களில் தென்மாவட்டங்கள் கண்ட சாதி மோதல்களுக்குப் பிறகு ‘மூட்டிவிடுதல்’ என்ற சொல்லின் கனம் இங்குள்ளவர்களுக்கு நன்றாகத் தெரியும். சிண்டு முடிவது, கிளப்பிவிடுவது, ஏவிவிடுவது என்று அதன் வகைகளுக்கெல்லாம் பெயர் உண்டு. இச்சொற்கள் பலவற்றில் ‘விடு’ என்ற துணைவினை வந்து ஒட்டிக்கொள்வதைக் கவனிக்க வேண்டும். எழுப்புகிறவர் எழுந்தவரின் அருகிலேயே இருப்பார். மூட்டிவிட்டவர் இடத்தைக் காலி செய்துவிடுவார். கோமரத்தாடிக்குச் சாமி மலையேறும் வரை புலவர் வில்லை விட்டு எழுவதில்லை. வன்முறைப் பேச்சாளரோ விளைவு தெரியும்முன் வண்டி ஏறிவிடுகிறார். எழுப்புதலையும் மூட்டிவிடுதலையும் பிரித்தறியச் சட்டத்தைவிட இந்தத் துணைவினை நன்றாக உதவுகிறது.

பிறர் உள்ளத்தை அசைப்பதற்குத் தென்காசியில் கல்லில் வெட்டிய ஒரு முயற்சியும் உண்டு. தமிழகக் கோயில் கல்வெட்டுகள் பெரும்பாலும் அச்சத்தைக் கொண்டே அறத்தைக் காக்கப் பார்த்தன. இந்தத் தர்மத்தை அழிப்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது வழக்கமான முடிவுரை. 1446-இல் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன் வேறு வழியைத் தேர்ந்தான். வருங்காலத்தில் இந்தக் கோயிலுக்குக் குறை நேர்ந்து, அதைத் திருத்துகிறவர் எவராயினும் அவர் காலடியில் நான் விழுந்து வணங்குகிறேன் என்ற பொருளில் அவன் பாட்டெழுதிக் கல்லில் வெட்டச் செய்தான். முடிமன்னன் ஒருவன், பிறக்காத மனிதர்களின் கால்களில் முன்கூட்டியே விழுகிறான். அதில் மிரட்டல் இல்லை, சாபம் இல்லை. படிப்பவரின் பெருந்தன்மை படிப்பவருக்குள்ளேயே இருக்கிறது என்று அவன் நம்பியிருக்கிறான்.

அவன் 1457-இல் தொடங்கிய இராச கோபுரம் பின்னாளில் சிதைந்து, தலைமுறைகள் பலவும் ‘மொட்டைக் கோபுரம்’ என்றே அழைக்கும் நிலைக்கு வந்தது. ஒன்பது நிலைகளோடு அது மறுபடி எழுப்பப்பட்டுக் குடமுழுக்கு நடந்தது 1990-இல். அந்தத் திருப்பணியைச் செய்தவர்களைத்தான் பாண்டியன் முன்கூட்டியே வணங்கியிருந்தான். கோபுரத்தையும் தமிழில் ‘எழுப்பினார்கள்’ என்றே சொல்கிறோம்.